கரையேற்றிய வள்ளத்தின் எஞ்சினில் தண்ணீரை வடிக்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மச்சான் ரொறன்ரோவில் பழைய பெற்றோல் எஞ்சின் படகொன்று வாங்கியிருக்கிறார். குளிர் இறங்குவதற்குள் எஞ்சினில் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும், விட்டால் இரும்பு வெடித்துவிடும் என்று அங்கே அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில், உடலுக்குள்ளேயே பூட்டும் உள்ளிணைப்பு டீசல் எஞ்சின் கொண்ட வள்ளம் வைத்திருக்கிறீர்கள். வாடைக்கடல் புரளும் மாதங்களில் அதைக் கரையேற்றிவிடுகிறீர்கள். "எங்களுடைய ஊரில் பனிக்கட்டி ஏது, எங்களுக்கு இந்த வேலை தேவையில்லைத்தானே?" என்று கேட்டுவிட்டு, மச்சானுக்குச் செய்முறையும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் கேட்டிருப்பது ஒன்றுதான்: ஓடாமல் நிற்கும் எஞ்சினுக்குள் தண்ணீர் தங்கினால் என்ன நடக்கும்? அங்கே ஓர் இரவில் முடிந்துவிடும் காரியம் இங்கே நான்கைந்து மாரியில் முடியும். ஆகவே இரண்டு பேரும் வடிக்க வேண்டும். ஆனால் காரணம் வேறு, செய்யும் முறையும் வேறு.

நான் டீசல் எஞ்சின் வேலையை யாழ்ப்பாணத்தில் பழகினேன். பிறகு நோர்வேயின் வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் படகுப் பட்டறையொன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது வடமராட்சியில் சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். குளிர் உடைத்த எஞ்சின்களையும் உப்புத் தின்ற எஞ்சின்களையும் என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். என் கை அதிகம் பழகியது டீசலில். மச்சானுடைய எட்டுச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் வகையில் குறைவாகத்தான் வேலை செய்திருக்கிறேன். அதனால் அவருக்குச் சொல்வதில் பொதுவான விதிகளை உறுதியாகச் சொல்வேன். எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்பதற்கு அவர் தன் எஞ்சினின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தேகமே இல்லாததில் இருந்து தொடங்குகிறேன். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் சோடாப் போத்தலை மறந்து வைத்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சினின் வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் இழுபடாது. நாலு பக்கமும் அடைபட்ட அறையில் தண்ணீர் உறைந்தால் இரும்புதான் வழிவிட வேண்டும். கடல்நீர் உப்பு என்பதால் உறையாது என்று சிலர் நம்புகிறார்கள். சாதாரணக் கடல்நீர் -1.9 பாகையில் உறைந்துவிடும். உப்பு தருகிற பாதுகாப்பு இரண்டு பாகைகூட இல்லை. மச்சான் ஓட்டுவது ஒன்ராறியோ ஏரியில் என்றால் அது நன்னீர், அந்த இரண்டு பாகையும் கிடையாது. எஞ்சினின் பக்கவாட்டில் காசு வடிவில் தகட்டு மூடிகள் சில அடித்திருப்பார்கள். உறைந்தால் அவை தெறித்து எஞ்சினைக் காப்பாற்றும் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவை வார்ப்பு மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட துளைகளின் மூடிகள். சில வேளை அவை தெறித்து எஞ்சின் தப்புவதுண்டு, மூடி இருந்த இடத்தில் இருக்க இரும்பு பிளப்பதும் உண்டு. அதை நம்பி ஒருவரும் எஞ்சினை விட்டுவைக்கக் கூடாது.

இனி நான் உங்கள் இருவருக்கும் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வடிகால் திருகாணியைக் கழற்றிவிட்டால் தண்ணீர் வடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நோர்வேயில் என் முதல் ஐப்பசி. கடல்நீர் நேராக ஓடிக் குளிர்விக்கும் நான்கு சிலிண்டர் டீசல் ஒன்றை வடிக்கச் சொல்லி என்னை இறக்கிவிட்டார்கள். பக்கத் திருகாணியைக் கழற்றினேன். ஒரு சொட்டும் வரவில்லை. யாரோ முன்னரே வடித்துவிட்டார்கள் என்று நினைத்து, திருகாணியைத் திரும்பப் பூட்டப் போனேன். மேலே நின்ற வயதான மேற்பார்வையாளர் ஒன்றும் பேசாமல் மெல்லிய கம்பியொன்றை நீட்டினார். துளைக்குள் விட்டபோது கம்பி நொறுநொறுவென்று எதிலோ குத்தியது. கிளறினேன். ஒரு கரண்டி அளவு செம்மண் நிறச் சேறு வழிந்தது, பிறகு நின்றுவிட்டது. இன்னும் இரண்டு விரல் ஆழம் தள்ளிச் சுழற்றியதும் தண்ணீர் பீறிட்டு என் சட்டைக் கைக்குள்ளால் முழங்கை வரைக்கும் ஓடியது. அந்தக் குளிர் இப்போதும் நினைவிருக்கிறது. துருவும் உப்பும் மணலும் எஞ்சினின் அடியில்தான் போய்ப் படியும்; வடிகால் துளை இருப்பதும் அங்கேதான். துளை அடைபட்டிருந்தால், திருகாணி கழன்ற பிறகும் எஞ்சின் நிறையத் தண்ணீர் நிற்கும்.

அந்த மேற்பார்வையாளர் இன்னொன்றையும் பழக்கினார். வடியும் தண்ணீரை எப்போதும் வாளியில் பிடித்து அளக்க வேண்டும். கையேட்டில் குளிர்நீரின் கொள்ளளவு லீற்றரில் எழுதியிருக்கும். எஞ்சின் ஒன்பது லீற்றர் பிடிக்கும் என்று எழுதியிருக்க, வாளியில் ஆறு லீற்றர்தான் இருக்கிறது என்றால், மீதி மூன்று எங்கோ நிற்கிறது, தேடு என்பார். அடுத்த ஆண்டு சித்திரையில் ஒரு படகு பட்டறைக்கு வந்தது. சொந்தக்காரர் தானே வடித்ததாகச் சொன்னார், பொய் சொல்லக்கூடியவர் அல்லர். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால் பால் தேநீரின் நிறம், எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டைக் கழற்றியதும் அதன் கீழே எஞ்சின் உடலில் தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு, ஒரு சாண் நீளத்துக்கு நேராக ஓடியது. அவர் எல்லாத் திருகாணிகளையும் திறந்திருக்கிறார். ஒரு துளை அடைபட்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

மச்சானுக்குச் செய்முறை இது. முதலில் அவருடைய எஞ்சின் எந்த வகை என்று பார்க்கட்டும். ஏரித் தண்ணீரே எஞ்சின் உடலுக்குள் ஓடிக் குளிர்விக்கிறதா, அல்லது வாகனத்தில் உள்ளதுபோல மூடிய சுற்றில் குளிர்திரவம் ஓடி, வெளித்தண்ணீர் ஒரு வெப்பமாற்றியோடு நின்றுவிடுகிறதா? இரண்டாம் வகை என்றால் மூடிய சுற்றை வடிக்கத் தேவையில்லை. அதில் உள்ள திரவம் எத்தனை பாகை வரை தாங்கும் என்று அளந்தால் போதும். எதிலீன் கிளைக்கோலும் தண்ணீரும் சரிபாதி என்றால் -37 பாகை வரை தாங்கும். தண்ணீரே சேர்க்காமல் முழுவதும் கிளைக்கோலாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தனிக் கிளைக்கோல் -13 பாகையை ஒட்டியே உறைந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்தால்தான் அதற்கு வலு.

வெளித்தண்ணீர் ஓடும் பாதையை எந்த வகையானாலும் வடிக்க வேண்டும். பெற்றோல் எஞ்சின் என்பதால், அறையின் மூடியைத் திறந்து காற்றாடியை ஓடவிட்டு, மணம் போனபிறகுதான் எதையும் தொட வேண்டும். படகு தண்ணீரில் நிற்கிறது என்றால் அடித்தளத்து வால்வை மூடாமல் ஒரு குழாயையும் கழற்றக் கூடாது, படகு தாழ்ந்துவிடும். கரையில் நிற்கிறது என்றால் முன்பக்கமான அணியத்தைச் சற்று உயர்த்தி வைத்தால் தண்ணீர் பின்பக்கம் இறங்கும். எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் உடலின் இரு பக்கமும் ஒவ்வொன்று, இரண்டு எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டிலும் ஒவ்வொன்று என வழக்கமாக நான்கு வடிகால் இருக்கும். ஐந்தாவதாக, சுற்றோட்டப் பம்பின் கீழுள்ள பெரிய குழாயைக் கழற்றித் தாழ்த்த வேண்டும். அதில் நிற்கும் தண்ணீரைப் பலர் மறக்கிறார்கள். ஒவ்வொரு துளையிலும் கம்பி போக வேண்டும். கடல்நீர்ப் பம்பின் மூடி, வடிகட்டிக் கிண்ணம், எண்ணெய்க் குளிரூட்டி, ஈரச் சைலன்சர் இருந்தால் அதன் அடி, இவற்றையும் திறக்க வேண்டும். குழாய் எங்கே தொய்ந்து கிடக்கிறதோ அங்கே தண்ணீர் நிற்கும். வால்வுக்கும் ஒரு குணம் உண்டு. உருண்டை வகை வால்வை மூடும்போது உருண்டையின் துளைக்குள் கொஞ்சம் தண்ணீர் சிறைப்படும், அது உறைந்து வால்வையே பிளக்கும். கரையேற்றிய படகில் அதைத் திறந்தே வைப்பது நல்லது.

வடித்து முடிந்தபின் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவதா, வெறுமையாக விடுவதா? இதில் நல்ல மெக்கானிக்குகளே இரண்டு கட்சி. வெறுமையாக விட்டால் உறைய ஒன்றுமில்லை, ஆனால் ஈரமான இரும்பில் காற்றுப் படும். திரவம் நிரப்பினால் துருத்தடுப்பும் சேர்ந்து கிடைக்கிறது. நான் இரண்டாவது கட்சி. முதற் கட்சிக்காரரின் எஞ்சின்களும் பல ஆண்டு நன்றாகவே ஓடியதைப் பார்த்திருக்கிறேன், அதனால் வாதாட மாட்டேன். ஆனால் வடிக்காமல் வாளியில் திரவத்தை வைத்து எஞ்சின் உறிஞ்சவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. சூடேறினால் மட்டும் திறந்து தண்ணீரை ஓடவிடும் வால்வுதான் தேர்மோஸ்டாட், குளிர்ந்த எஞ்சினில் அது மூடியிருக்கும். உறிஞ்சிய திரவம் எஞ்சின் உடலுக்குள் போகாமல் சுற்றுவழியால் வெளியேறிவிடும். பின்னால் நிறத் திரவம் கொட்டுவதைப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். உள்ளே பழைய தண்ணீர் அப்படியே நிற்கும். வடித்தபின் மேற்குழாயைக் கழற்றி நேராக ஊற்றுவதே நிச்சயமான வழி. வெளியே போகும் பாதைக்கு, நஞ்சு குறைந்த புரொப்பிலீன் வகையை வாங்கட்டும். போத்தலில் -50 என்று இருப்பது பெரும்பாலும் பரனைட் கணக்கு. அதுவும் குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லைதான், கூழாகத் தொடங்கும் எல்லை அல்ல. தண்ணீர் கலந்தால் அந்த எல்லையும் சுருங்கும். எதிலீன் வகை இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், சின்னப் பிள்ளையும் வாயில் வைக்கலாம். சிறிதளவே உயிரைக் கொல்லும். சிந்தியதை உடனே துடைத்துக் கழுவ வேண்டும்.

இப்போது உங்கள் வள்ளத்துக்கு வருகிறேன், தம்பி. யாழ்ப்பாணத்தில் தை மாத விடியலிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. நாட்டில் உறைபனி காண வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே எஞ்சின் வெடிக்கும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம், உறைதடுப்புக்கென்று காசு செலவழிக்கவும் வேண்டாம். உங்களுடைய எதிரி உப்பு. உப்பு சத்தம் போடாமல் வேலை செய்யும்.

போன ஆண்டு ஒரு வள்ளத்தின் மனிபோல்ட்டைக் கழற்றினேன். வெளியே பச்சைப் பூச்சு அழகாக இருந்தது. உள்சுவரைத் திருப்புளியால் சுரண்டினால், இரும்பு சுரண்டுபடும் சத்தம் வரவில்லை. பென்சிலைச் சீவுவது போலக் கறுப்புத் தூள் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்த, திருப்புளி சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. கடல்நீரில் கிடக்கும் வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து வெளியேற, அதிலுள்ள கரி மட்டும் அதே வடிவத்தில் மிஞ்சும். பார்வைக்கு முழுசாக இருக்கும், வலு ஒன்றும் இராது. அந்த மனிபோல்ட் வழியாகக் கடல்நீர் சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் வளையங்கள் இறுகிவிட்டன. அந்தக் குடும்பம் இரண்டு மாதம் தொழிலுக்குப் போகவில்லை. அந்த வள்ளத்தில் தண்ணீரை வடிக்கும் பழக்கமே இருந்ததில்லை. மோசமான நிலை எது என்றால், பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக எஞ்சின் நிற்பது. நீர்மட்டம் தொடும் கோட்டில்தான் அரிப்பு வேகமாக நடக்கும். உப்பும் ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. கடல்நீரை வடித்துவிட்டு அப்படியே விட்டாலும் போதாது. சுவரில் ஒட்டிய உப்புப் படலம் மாரிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதலில் நன்னீரால் கழுவ வேண்டும், அதன் பிறகு வடிக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

கழுவுவதற்கு இரண்டு பரல் நன்னீர் எடுங்கள். வால்வை மூடி, பம்பின் உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பரலுக்குள் விட்டு, எஞ்சினை மெல்லிய ஓட்டத்தில் விடுங்கள். நன்றாகச் சூடேறித் தேர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் உடலுக்குள் நன்னீர் சரியாகப் போய்ச் சேராது. இரண்டு பரலும் முடிவதற்குள் சூடேறவில்லையென்றால் மூன்றாவதை நிரப்பி வையுங்கள். பரல் வற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் றப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் தண்ணீரில்லாமல் ஒரு நிமிடம் சுற்றினாலே இதழ் எரிந்துபோகலாம். ஓடாத எஞ்சினுக்குக் குழாய்த் தண்ணீரை நேராகப் பூட்டித் திறந்துவிடுவதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். வெளியே தள்ள எக்ஸோஸ்ட் காற்று இல்லாததால் தண்ணீர் சைலன்சரை நிரப்பிப் பின்னோக்கி ஏறிச் சிலிண்டருக்குள் போய்விடும். பிறகு ஸ்டார்ட் அடித்தால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கொனெக்ரிங் ரொட் வளையும்.

எந்த நன்னீர் என்பதும் எங்களுடைய ஊரில் ஒரு கேள்வி. நாங்கள் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடிப்பது எஞ்சினுக்குள்ளும் பிடிக்கும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரே உவர். ஒரு தரம் கழுவி வடிப்பதற்கு உவரில்லாத கிணற்றுத் தண்ணீர் போதும். ஆனால் உங்கள் எஞ்சின் வெப்பமாற்றி வகையென்றால், மூடிய சுற்றில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். பலரும் அங்கே வெறுந் தண்ணீரைத்தான் ஊற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்திரவம் பனி நாட்டுக்காரருக்கு என்று நினைக்க வேண்டாம். துருத்தடுப்பும், கொதிநிலையை உயர்த்துவதும் எங்களுக்கும் வேண்டியவை. மாரியில் ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை, முதல் மழையை விட்டு, சுத்தமான பரலில் பிடித்து அதோடு திரவத்தைக் கலந்துகொள்ளுங்கள். வெப்பமாற்றியில் இருக்கும் துத்தநாகத் துண்டையும் அப்போதே கழற்றிப் பாருங்கள். பாதி தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அது கரைவதால்தான் மற்ற உலோகம் கரையாமல் இருக்கிறது. வடித்து முடிந்தபின் எக்ஸோஸ்ட் வாயில் எண்ணெய்த் துணி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தைக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும்.

இம்பெல்லரை ஒவ்வொரு முறையும் கழற்றி வைக்க வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. மூன்று மாதம் ஒரே வளைவில் நின்ற இதழ் அப்படியே படிந்துபோவதைக் கண்டிருக்கிறேன், படியாததையும் கண்டிருக்கிறேன். பழையது என்றால் கழற்றுங்கள்.

இந்த வேலை எங்களுடைய இளைஞர்களுக்குப் பழக்கமில்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வள்ளத்தின் பின்னால் வெளியே தொங்கும் வெளியிணைப்பு எஞ்சின் நிமிர்ந்து நின்றாலே அதன் தண்ணீர் தானாக வழிந்துவிடும். அதில் வளர்ந்த கை, உள்ளிணைப்பு எஞ்சினும் அப்படித்தான் என்று எண்ணுகிறது. மயிலிட்டித் துறைமுகம் 1990 முதல் 27 ஆண்டுகள் மக்களுக்கு மூடியிருந்து 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. மூன்றரைத் தொன் வள்ளங்களின் எஞ்சினை வாசலில் பிரித்துப் போட்டு மகனுக்குக் காட்டிக் கொடுத்த தகப்பன்மார் அதற்குள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். நீங்கள் கேட்டது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

கழற்றிய திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு, ஸ்டார்ட் சாவியோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள், மச்சானுக்கும் சொல்லுங்கள். மாரி முடிந்து வள்ளத்தை இறக்கும் நாளில் யார் வந்து சாவியில் கைவைத்தாலும் அந்தப் பை கையில் தட்டும். உங்கள் எஞ்சினின் பெயர்த்தகட்டில் இருக்கும் மாதிரி இலக்கத்தை எழுதினால், எனக்குப் பழகிய எஞ்சினாக இருக்கும் பட்சத்தில், வடிகால்கள் எத்தனை, எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.